புல்தரை பராமரிப்பு காண்ட்ராக்ட்: தப்பாக வெட்டியதால் வந்த பாதிப்பைப் புழு என்று சொல்லிக் காசு பார்க்கிறார்கள்

கோவையில் வீட்டுப் புல்தரைக்கு மாதக் காண்ட்ராக்ட் பேசப் போகிறவர்கள் கவனத்துக்கு. எங்கள் வீட்டில் 1,000 சதுர அடி பெர்முடா புல் (அருகம்புல் வகை). மாதம் 4 வெட்டு என்று பேசி முன்பணம் வாங்கியவர், ஐப்பசி மழை முழுக்கத் தலைகாட்டவில்லை. கேட்டால், "ஈரத்துல மெசின் ஓட்டக் கூடாதுங்க". அது சரிதான். ஈரப் புல் கட்டிகட்டியாக விழும், பூஞ்சை பரவும். ஆனால் நடுநடுவே நன்றாக வெயிலடித்த நாட்களும் இருந்தன. புல் 5 அங்குலம் வளர்ந்து சாய்ந்த பிறகு பிரஷ் கட்டரோடு (கையில் பிடித்து வீசி வெட்டும் மெஷின்) வந்து, அரை அங்குலத்துக்கு மழித்துவிட்டுப் போனார். "ஒட்ட வெட்டிட்டா ரெண்டு மாசம் தாங்குமுங்க" என்று விளக்கம் வேறு.

தாங்காது. வீட்டு பெர்முடாவுக்கு 1 முதல் 1.5 அங்குல உயரம் வேண்டும். ஒரு வெட்டில் இருக்கிற உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. வளரவிட்ட புல்லில் பச்சை இலையெல்லாம் மேல்பாதியில்தான் இருக்கும். அடியில் வெறும் பழுப்புத் தண்டு. இலை மொத்தமும் போனால் வேர் வளர்ச்சி நின்றுவிடும், தரையில் வெயில் பட்டுக் களை விதைகள் முளைத்துவிடும். 5 அங்குலத்தை 3.5, 2.5, 1.75 என்று மூன்று வெட்டாக, நடுவில் மூன்று நான்கு நாள் விட்டுத்தான் இறக்க வேண்டும்.

மோசடி இதற்குப் பிறகுதான். தரை வைக்கோல் நிறத்துக்கு மாறியதும், "வேர்ப்புழு" என்று மருந்தடிக்கத் தனிப் பணம். அடித்தும் பச்சை வரவில்லை என்றதும், "மண்ணே கெட்டுப்போச்சு, செம்மண் ஒரு லோடு கொட்டிப் புதுப் புல் போடணும்" என்று சதுர அடிக் கணக்கில் கொட்டேஷன்.

புழுவா இல்லையா என்று பார்க்க ஒரு மண்வெட்டி போதும். பழுத்த இடத்துக்கும் பச்சைக்கும் நடுவே ஓர் அடிக்கு ஓர் அடி, 3 அங்குல ஆழம் வெட்டிப் புரட்டுங்கள். வேர்ப்புழு இருந்தால் வேர் அறுபட்டு, புல் பாய் மாதிரி சுருண்டு கையோடு வரும். வெள்ளையாக, வளைந்த புழுக்கள் கண்ணில் படும். ஒன்றிரண்டு இருந்தால் மருந்து தேவையில்லை. இங்கே ஒன்றுகூட இல்லை, இழுத்தும் புல் பெயரவில்லை. மேடான இடங்களில் மட்டும் பழுப்பு அதிகம் என்றால் அது மழித்ததன் அடையாளம். தண்டைக் கீறிப் பாருங்கள்: கணுவில் பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. பெர்முடா தரைக்கடியிலும் தண்டு விடும் புல். தண்ணீர் விட்டு, மிதிக்காமல் இருந்தால் சில வாரங்களில் தானே மூடிக்கொள்ளும்.

எங்கிருந்தோ அள்ளி வரும் செம்மண்ணை மட்டும் உள்ளே விடாதீர்கள். அதில் கோரைக்கிழங்கு வந்தால் வருடக்கணக்கில் பிடுங்க வேண்டியதுதான்.

இனி பேசும்போது மாதக் கணக்கு வேண்டாம், வெட்டுக்கு இவ்வளவு என்று பேசுங்கள். மழைக்காலத்தில் வாரம் ஒன்று, வளர்ச்சி குறைந்த மாதங்களில் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒன்று போதும். மெஷினை சிமெண்ட் தரையில் நிறுத்தி, பிளக்கைக் கழற்றிவிட்டு, பிளேடுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை ஸ்கேல் வைத்து அளக்கச் சொல்லுங்கள். மறுநாள் இலை நுனியைப் பாருங்கள்: நார்நாராகக் கிழிந்து வெளுத்திருந்தால் பிளேடு மொட்டை. 20, 25 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை தீட்ட வேண்டும். அடுத்த வீட்டுக் களை ஒட்டிய மெஷினைக் கழுவாமல் கேட்டுக்குள் விடாதீர்கள். பச்சை வரட்டும் என்று கை நிறைய யூரியா வீசவும் விடாதீர்கள். 1,000 சதுர அடிக்கு ஒரு தடவைக்கு 1 கிலோவே உச்சம், அதுவும் இலையில் ஈரம் இல்லாதபோது தூவி உடனே தண்ணீர் பாய்ச்ச வேண்டும்.

வெட்டிய புல்லை அள்ள இவர் தனிக் கூலியும் கேட்டார். வாராவாரம் வெட்டினால் விழும் துணுக்கு அங்கேயே மக்கித் தழைச்சத்தாகும், அள்ளவே வேண்டாம். நீளமாக வளரவிட்டு வெட்டும்போதுதான் அது குவிந்து அடிப்புல்லை மூடும். அப்படி வளரவிட்டது அவர்; கூலி மட்டும் நம்மிடம்.