ஐகானா, ஏப்னிக்கா? யாழ்ப்பாணத்தில் இருந்து இணையக் கொள்கைக்குள் வரும் பெண்களுக்கு

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானமோ சட்டமோ படித்த பெண், சர்வதேச இணையக் கொள்கையில் காலூன்ற முக்கியமாக இரண்டு வாசல்கள் உண்டு: டொமைன் பெயர்களின் (இணையத்தளப் பெயர்களின்) விதிகளை வகுக்கும் ஐகான், இணையத்தில் கருவிகளை அடையாளம் காட்டும் எண்களான ஐபி முகவரிகளை ஆசிய பசிபிக் பகுதிக்குப் பங்கிடும் ஏப்னிக்.

இரண்டும் தம் கூட்டங்களுக்கு வரப் பயணச் செலவோடு ஃபெலோஷிப் தருகின்றன. அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். விண்ணப்பம் பல மாதம் முன்பே மூடிவிடும், விசா பிந்தினால் வாய்ப்புப் போய்விடும், ஐகானில் ஒருவருக்கு ஆகக்கூடியது 3 தடவைதான். வீட்டில் இருந்தே எந்த வேலையைத் தொடர்ந்து செய்ய முடியும் என்று பார்த்துத் தெரிவு செய்யுங்கள்.

ஏப்னிக் நெட்வொர்க் தெரிந்தவர்களின் இடம். அதன் அகாடமியில் ரூட்டிங் (தரவு செல்லும் வழியை அமைப்பது), ஐபிவி6 (புதிய தலைமுறை ஐபி முகவரி) பாடங்கள் இலவசம். கொள்கை முன்மொழிவை மின்னஞ்சல் பட்டியலில் விவாதித்து, கூட்டத்தில் இணக்கம் கண்டு, பிறகு 4 வாரம் இறுதிக் கருத்துக்கு விடுவார்கள். புதியவருக்கு ஆகக்கூடியது 512 ஐபிவி4 (பழைய தலைமுறை) முகவரிகள் என்ற வரம்பு 2019இல் இப்படித்தான் வந்தது. நெட்வொர்க் நடத்திப் பழகாதவருக்கு இங்கே பேச அதிகம் இருக்காது.

ஐகானில் தமிழ் தெரிவதே உங்கள் மூலதனம். தமிழிலேயே எழுதும் டொமைன் முடிவான .இலங்கை 2010இல் இயங்கத் தொடங்கியது. ஆனால் ‘ஸ்ரீ’ என்பதை கணினி எழுத்துக் குறியீடான யூனிகோடில் ஸ வைத்தும் எழுதலாம், ஶ வைத்தும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றாகத் தெரியும்; கணினிக்கு அவை வெவ்வேறு பெயர்கள். ஒன்றை வங்கியும் மற்றதை மோசடிக்காரனும் பதிந்தால் என்ன நடக்கும்? இதை விளக்கத் தமிழ் வாசிப்பவர்தான் வேண்டும்.

வரைவுகள் வழக்கமாக 40 நாளாவது பொதுக்கருத்துக்குத் திறந்திருக்கும். முழு அறிக்கைக்கும் பதில் எழுத முயன்றுதான் பலர் களைத்துப் போகிறார்கள். ஒரு பிரிவை எடுங்கள், உதாரணத்தோடு இரண்டு பந்தி எழுதுங்கள். உங்கள் பெயரோடு அது பொதுப்பதிவில் நிற்கும். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது காட்டலாம். பணிக்குழுவில் சேர்வதானால் ஒன்றே போதும். இணையவழி அழைப்புகளின் நேரம் உலகப் பொது நேரமான யூடிசியில் இருக்கும்: யூடிசி 13:00 என்பது எங்களுக்கு மாலை 6:30, 20:00 என்றால் நள்ளிரவு தாண்டி 1:30. எல்லா அழைப்புக்கும் விழித்திருக்கத் தேவையில்லை, ஒலிப்பதிவு வெளியாகும். ஆனால் வீட்டாரிடம் நேரத்தை முதலே சொல்லி வையுங்கள்.

சட்டம் படித்தவருக்கு ஐகான்தான். பொறியியல் படித்தவர் ஏப்னிக்கில் தொடங்கலாம். தமிழ் எழுத்து முறையில் ஆர்வம் இருந்தால் அவரும் ஐகானுக்கே வரட்டும். இரண்டிலும் இது ஊதியமில்லாத வேலை. சம்பளம் டொமைன் பதிவகங்களிலும் இணைய நிறுவனங்களிலும், 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைக் கையாளும் பதவிகளிலும்தான் இருக்கிறது. ஆகவே இருக்கும் வேலையை விடாமல், வாரத்தில் இரண்டு மாலைகளை மட்டும் இதற்கு ஒதுக்குங்கள்.