டிடிஎஃப் ஃபிலிமா, சப்ளிமேஷன் தாளா: எது கட்டுப்படியாகும்?

கும்பகோணம், மயிலாடுதுறை வட்டாரத்தில் டி-ஷர்ட் அச்சுத் தொழில் தொடங்குவோர், ஹீட் பிரஸ் (படத்தைச் சூட்டோடு துணியில் அழுத்தும் இயந்திரம்) வாங்கியதும் இந்தக் கேள்வியில்தான் தயங்கி நிற்கிறார்கள். சப்ளிமேஷனில், தாளில் அச்சிட்ட படத்தின் சாயம் சூட்டில் துணிக்கு மாறும். டிடிஎஃப்பில் (Direct to Film), ஃபிலிமில் அச்சிட்ட படம் பசைத்தூளின் உதவியால் துணியில் ஒட்டும்.

செலவு: சப்ளிமேஷனுக்குச் சாதாரண இங்க் டேங்க் பிரிண்டரில் அதற்குரிய மையை நிரப்பினால் போதும், தாளும் மலிவு. டிடிஎஃப்புக்கு வெள்ளை மை, பசைத்தூள், அதை உருக்கும் அடுப்பு எனச் செலவு கூடுவதோடு, வெள்ளை மை அடியில் படிந்து மை தெளிக்கும் பிரிண்ட் ஹெட்டை அடைத்துக்கொள்ளும் என்பதால், அன்றாடம் வேலை வராத கடைக்கு அந்த இயந்திரம் பாரமே. அச்சிட்ட ஃபிலிமை மீட்டர் கணக்கில் வெளியே வாங்கி, கடையில் அழுத்திக்கொடுப்பதே சிக்கனம் என்பது என் கருத்து.

துணி: சப்ளிமேஷன் வெளிர்நிறப் பாலியஸ்டருக்கே பொருந்தும், வெறும் பருத்தியில் சலவைக்கு நிற்காது. டிடிஎஃப் கறுப்புப் பருத்தியிலும் பளிச்சென்று தெரியும்.

நீடித்த உழைப்பு: சப்ளிமேஷன் சாயம் ஆவியாகி இழைக்குள்ளேயே சேர்வதால் உரியாது, விரிசல் விடாது. டிடிஎஃப் துணியின் மேல் படியும் படலம். நெஞ்சு முழுவதும் படம் போட்டால், காற்றுப் புகாமல், நம் ஊர்ப் புழுக்கத்தில் அணிபவர் நம்மைத்தான் நொந்துகொள்வார்.

எளிமை: ஹீட் பிரஸில் அழுத்த, சப்ளிமேஷனுக்கு ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடம், டிடிஎஃப்புக்கு 150 முதல் 160 டிகிரியில் 15 விநாடி அளவு. ஐப்பசி, கார்த்திகை மழையில் தாளும் தூளும் ஈரம் இழுக்குமாதலால், மூடிய டப்பா இரண்டுக்கும் தேவை.

கபடி, கிரிக்கெட் அணிகளின் வெளிர்நிற ஜெர்சிகளுக்குச் சப்ளிமேஷன் பொருந்தும்; திருவிழாக் குழுவினர் கேட்கும் அடர்நிறப் பருத்தி டி-ஷர்ட்டுகளுக்கு டிடிஎஃப்பையே எடுக்கலாம்.