பட்டமளிப்பு விழாவுக்குக் கட்டணம் செலுத்தியவனின் மதிப்புரை

என் மகளின் முதுகலைப் பட்டச் சான்றிதழ், தேர்வு முடிவு வெளியான பதினேழாவது மாதத்தில் எங்கள் கைக்கு வந்தது. தமிழ்நாட்டின் அரசுப் பல்கலைக்கழகங்களுள் ஒன்று அது. பெயரைச் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் நான் குறை கூறப்போகும் பலவற்றுக்கு அந்த வளாகத்து ஊழியர்கள் பொறுப்பாளிகள் அல்லர். விண்ணப்பக் கட்டணம், சான்றிதழ்க் கட்டணம், அங்கிக்கு வாடகை, அதற்கு மேல் டெபாசிட் என்று நான்கு தலைப்புகளில் பணம் வாங்கிக்கொண்டு செய்யப்படுவது சேவைதான் என்பதால், பட்டமளிப்பு விழாவை ஒரு சேவையாகவே இங்கே மதிப்பிடுகிறேன்.

விண்ணப்பிக்கும் முறையில் குறையொன்றும் இல்லை. இணையத்தில் படிவத்தை நிரப்பி, புகைப்படத்தையும் மதிப்பெண் பட்டியலையும் ஏற்றிப் பணம் செலுத்த அரை மணி நேரம் போதுமானதாக இருந்தது. நேரில் வந்து பெறுவதா, வராமல் பெறுவதா என்பதையும் அங்கேயே தேர்ந்தெடுக்கலாம். முனைவர் பட்டம் பெறுவோரும் தரவரிசையில் இடம்பெற்றோரும் மட்டுமே மேடையேற முடியும். மற்றவர்களுக்குக் கல்லூரி வழியாகவோ அஞ்சலிலோ வந்துவிடும். என் மகள் தரவரிசையில் இருந்தாள். ஆகவே மேடை கிடைத்தது; தேதிதான் கிடைக்கவில்லை. 'விழா நாள் பின்னர் அறிவிக்கப்படும்' என்ற ஒற்றை வரி, பல்கலைக்கழக இணையதளத்தில் பத்து மாதங்கள் அசையாமல் நின்றது. இதற்கிடையில் அவள் விண்ணப்பித்த ஒரு வேலைக்குத் தற்காலிகச் சான்றிதழ் போதாது, மூலப் பட்டச் சான்றிதழே வேண்டும் என்றார்கள்.

தாமதத்தின் காரணம் அந்த அலுவலகத்தில் இல்லை. நம் மாநிலப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றின் சட்டப்படி ஆளுநர் வேந்தர், உயர்கல்வித் துறை அமைச்சர் இணைவேந்தர். வேந்தர் தலைமை தாங்க வேண்டும் என்பதால் அவர் தேதி கொடுக்க வேண்டும். அவருக்கும் மாநில அரசுக்கும் முறுகல் இருந்தால், அந்த முறுகலின் கடைசி முனையில் சான்றிதழுக்காக ஒரு மாணவர் நின்றுகொண்டிருப்பார். 2023 ஜூனில் அப்போதைய அமைச்சர் பொன்முடி, ஆளுநர் ஆர்.என்.ரவி தேதி தராததால் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் பட்டம் பெறாமல் காத்திருக்கிறார்கள் என்று வெளிப்படையாகவே குற்றம் சாட்டினார்.

தேதி ஒரு சிக்கல் என்றால், துணைவேந்தர் நாற்காலி இன்னொன்று. கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் 2022 அக்டோபரிலும், சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்டிலும் துணைவேந்தர்களின் பதவிக்காலம் முடிந்தது, புதியவர் வரவில்லை. தேடுதல் குழுவில் பல்கலைக்கழக மானியக் குழுவின் பிரதிநிதி ஒருவர் இருந்தாக வேண்டும் என்றார் ஆளுநர். மாநிலச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை என்றது அரசு. நியமன அதிகாரத்தையே அரசுக்கு மாற்றும் மசோதாக்களைச் சட்டப்பேரவை 2022 ஏப்ரலில் நிறைவேற்றத் தொடங்கியது. கிடப்பில் இருந்தவற்றை ஆளுநர் 2023 நவம்பரில் திருப்பி அனுப்ப, பேரவை அதே மாதம் மீண்டும் நிறைவேற்றியது. 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம், அந்தப் பத்து மசோதாக்களும் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்று தீர்ப்பளித்தது. ஏழு வாரம் கழிவதற்குள், மே 21 அன்று, துணைவேந்தர் நியமனம் தொடர்பான திருத்தங்களுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. இரு தரப்புக்கும் சட்டப்படி சொல்வதற்கு வாதம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எந்தத் தரப்பின் வாதத்திலும், விண்ணப்பக் கட்டணம் செலுத்திய நாளிலிருந்து எத்தனை மாதத்துக்குள் சான்றிதழ் கொடுக்கப்பட வேண்டும் என்ற கேள்வி எழுந்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஒருவழியாகத் தேதி வந்தது. விழாவுக்கு முந்தைய நாள் ஒத்திகைக்கு அழைத்தார்கள். எந்த வாசல் வழியாக நுழைவது, எத்தனையாவது படியில் நிற்பது, எந்தக் கையால் வாங்குவது, எப்போது புகைப்படக்காரரைப் பார்ப்பது என்பதையெல்லாம் ஒரு பேராசிரியை பொறுமையாக மூன்று முறை நடத்திக் காட்டினார். முடிவில், "கறுப்பு உடை வேண்டாமே" என்று எழுத்தில் இல்லாத ஓர் அறிவுரையும் வந்தது. 2023 ஜூனில் சேலம் பெரியார் பல்கலைக்கழகம் இதையே சுற்றறிக்கையாக வெளியிட்டு, கண்டனம் எழுந்ததும் திரும்பப் பெற்றது. அந்தப் பாடத்தை மற்றவர்கள் படித்துக்கொண்ட விதம், இனி இதை வாயால் சொன்னால் போதும் என்பதுதான் போலும். கறுப்புச் சட்டைக்கு இந்த மண்ணில் என்ன பொருள் என்று தெரிந்துதான் அஞ்சுகிறார்கள். மறுநாள் காலை என் கையில் இருந்த பழைய கறுப்புக் குடையை, வாசலில் நின்ற தன்னார்வல மாணவர் சற்று நேரம் உற்றுப் பார்த்தார். "மழைக்குத்தான் தம்பி" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "தெரியுது சார், ஆனா உள்ளே எடுத்துட்டுப் போனா என்னைக் கேப்பாங்க" என்று வாங்கி மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டார். திரும்பும்போது மறக்காமல் எடுத்தும் கொடுத்தார். அந்தப் பிள்ளைக்கு முழு மதிப்பெண்.

அரங்கில் பெற்றோருக்கான இருக்கைகள் பின்பகுதியில். முன்வரிசைகள் யாருக்கென்று சொல்ல வேண்டியதில்லை. மாணவியர் எட்டுப் பேர் பக்கவாத்தியம் இல்லாமல் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடியது, அன்றைய நாளின் மிகச் சிறந்த இரண்டு நிமிடம். அதன்பின் உரைகள். ஓர் உரைக்குள் இன்னோர் உரைக்கான மறுமொழி ஒளிந்திருப்பதைச் செய்தித்தாள் படிக்கும் எவரும் கண்டுகொள்வார்கள். அங்கி அணிந்து வியர்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு அதில் பங்கு ஏதும் இல்லை. உரைகள் ஒன்றரை மணி நேரம் நீண்டன. என் மகளுக்கு மேடையில் கிடைத்தது ஏழு விநாடி. அதிலும் அவள் வாங்கியது வெறும் உறை.

மேடையில் நிற்கும் அந்தச் சில விநாடிகளை ஒரு பட்டதாரி எப்படிப் பயன்படுத்தலாம் என்பதும் இப்போது விவாதப் பொருள். 2025 ஆகஸ்ட் 13 அன்று நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக விழாவில், முனைவர் பட்டம் பெற வந்த ஒரு பெண் ஆளுநரைக் கடந்து சென்று துணைவேந்தரிடம் பட்டத்தைப் பெற்றுக்கொண்டார். அது மரியாதைக் குறைவு என்று என் பக்கத்து இருக்கைக்காரர் வாதிட்டார். நான் அப்படி நினைக்கவில்லை. அமைச்சர் விழாவுக்கு வராமலே எதிர்ப்புத் தெரிவிக்க முடியுமானால், உழைத்துப் பட்டம் வாங்கியவர் தன் விழாவில் தெரிவிப்பதற்கு உரிமை குறைவா என்ன? 2023 நவம்பர் 2 அன்று மதுரை காமராசர் பல்கலைக்கழக விழாவைப் பொன்முடி அப்படித்தான் புறக்கணித்தார். விடுதலைப் போராட்ட வீரரும் மார்க்சிஸ்ட் தலைவருமான என்.சங்கரய்யாவுக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கப் பல்கலைக்கழகம் தீர்மானித்திருந்தும் ஆளுநர் கையெழுத்திடவில்லை என்பது அன்றைய பிரச்சினை. நூறு வயதைக் கடந்திருந்த அந்தப் பெரியவர் பதின்மூன்று நாட்களில் காலமானார். கையெழுத்து ஒன்றின் தாமதம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிடச் சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

வேந்தர் பதவி கைமாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பிவிடவும் இல்லை. இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகத்துக்குத் தொடக்கம் முதலே முதலமைச்சர்தான் வேந்தர். அங்கே தேதிக்கான இழுபறி குறையலாம். முன்வரிசை எப்படியும் வேறொருவருக்குத்தான்.

உணவைப் பற்றி நல்லதாகவே சொல்லலாம். எலுமிச்சைச் சோறும் தயிர்ச் சோறும் வாழையிலையில் சூடாகப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள். புகைப்படக்காரர் கேட்ட விலை மட்டும் கல்யாண வீட்டு விலை.

பிற்பகல் மூன்று மணிக்குத் தேர்வுப் பிரிவின் பின்புறத்துக் கவுன்டரில் உண்மையான சான்றிதழ் கிடைத்தது. தடித்த தாள், தெளிவான அச்சு, தமிழிலும் ஆங்கிலத்திலும் விவரம். ஆங்கிலத்தில் பெயர் சரியாக இருந்தது. தமிழில், அவள் பெயரிலிருந்த ழகரம் ளகரமாகியிருந்தது. பள்ளிச் சான்றிதழிலிருந்து மதிப்பெண் பட்டியல் வரை எங்கும் வராத பிழை இது. கவுன்டரில் இருந்த அலுவலர் வருத்தத்தோடு திருத்தப் படிவத்தை எடுத்துத் தந்து, பிழை தங்களுடையது என்பதால் கட்டணம் இல்லை என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இன்னைக்கே குடுத்துடுங்க சார். துணைவேந்தருக்குப் பதவிக்காலம் இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருக்கு. அதுக்கப்புறம் யார் கையெழுத்துப் போடுவாங்கன்னு எங்களுக்கே தெரியாது" என்றார்.

வாசற்படியில் உட்கார்ந்து, அங்கியைக் கழற்றாமலே மகள் படிவத்தை நிரப்பினாள். நாலரை மணிக்கு ஒப்புகைச் சீட்டு வாங்கினோம். அங்கியைக் கொடுத்தவுடன் டெபாசிட்டை எண்ணிக் கையில் தந்தார்கள். ஐந்துக்கு இரண்டரை கொடுக்கிறேன். ழகரம் வீடு வந்து சேர்ந்தால் அரை மதிப்பெண் கூட்டிக்கொள்ளலாம்.