ஷாதோ முசார் சிவப்பு: வாங்கும் முன், திறக்கும் முன்

லெபனானின் ஷாதோ முசார் சிவப்பு ஒயினை வாங்கும்போது முதலில் லேபிளில் அறுவடை ஆண்டைப் பாருங்கள். கபெர்னே சவிஞோன், சின்சோ, காரிஞான் என்று திராட்சை மூன்றும் மாறாது. கலக்கும் விகிதம் மாறும். போன முறை பிடித்த ருசியை வேறு ஆண்டுப் புட்டியில் தேடினால் கிடைக்காது.

பெய்ரூட்டுக்கு வடக்கே கசீரில், 1930-இல் காஸ்தோன் ஹோஷார் தொடங்கிய குடும்ப ஆலை இது. மகன் செர்ஜ் 1959-இல் தயாரிப்பை ஏற்றார். இப்போது அவருடைய பிள்ளைகள் காலம். திராட்சை விளைவதோ மலைத்தொடருக்கு அந்தப்புறம், சுமார் 1,000 மீட்டர் உயரப் பெக்கா பள்ளத்தாக்கில். உள்நாட்டுப் போரில் அந்த மலைப்பாதைதான் பெரும் சோதனை. 1976-இல் ஒயினே இல்லை. 1984-இல் லாரிகள் சுற்றி வந்து சேர்வதற்குள் பழம் வழியிலேயே நொதித்துவிட்டது. மற்றப் போர் ஆண்டுகளிலும் அறுவடையை விடவில்லை என்பது பெரிய விஷயம்.

செர்ஜ் பிரான்சின் போர்தோவில் ஒயின் தயாரிப்பு படித்தவர். ஆனாலும் இயற்கை ஈஸ்ட்டையே நம்பினார். கந்தகம் மிகக் குறைவு, வடிகட்டுவதும் கிடையாது. ஒவ்வொரு வகையும் தனித்தனியே சிமெண்ட் தொட்டியில் நொதிக்கும். பிறகு பிரெஞ்சு ஓக் பீப்பாயில் ஓராண்டு. கலந்து புட்டியில் அடைத்தபின்னும் சில ஆண்டு நிலவறையில் கிடக்கும். விற்பனைக்கு வருவது ஏழாம் ஆண்டில்.

இந்த முறையில் காடி நெடி லேசாகத் தலைகாட்டும். சில புட்டிகளில் பிரெட்டனோமைசஸ் ஈஸ்ட்டால் மாட்டுத் தொழுவ வாடையும் வரும். முந்தைய நாளே புட்டியை நிமிர்த்தி வைத்தால் வண்டல் அடியில் தங்கும். மெதுவாக டிகேன்டரில் (வாயகன்ற கண்ணாடிக் குடுவையில்) ஊற்றுங்கள். வண்டல் கழுத்தை எட்டியதும் நிறுத்திவிடுங்கள். இரண்டு மணி நேரமாவது காற்றாடட்டும். லேசான நெடி தணிந்து பழவாசம் மேலே வரும். நெயில் பாலிஷ் போல அடித்தால் அந்தப் புட்டி தேறாது. 18 டிகிரியில் பரிமாறுங்கள். 30 டிகிரி அறையில் வைத்துக் குடித்தால் காடிதான் முந்தும்.

வெள்ளை ஒயினையும் விட்டுவிடாதீர்கள். ஒபைதே, மெர்வா என்ற உள்ளூர் வகைகள், ஒட்டுக்கட்டாத கொடிகள். பொன்னிறமாக இருந்தால் கெட்டுவிட்டது என்று பொருளல்ல. ஃப்ரிட்ஜ் குளிரில் வாசம் எழாது. சுமார் 15 டிகிரி வேண்டும். செர்ஜ் இதைச் சிவப்புக்குப் பிறகுதான் ஊற்றச் சொல்வார்.

இதே ஆலையின் விலை குறைந்த ‘முசார் ஜென்’ ஒயின் ஓக் பீப்பாய் படாதது, வாங்கியதும் குடிக்கலாம். அதை வைத்து ஷாதோ முசாரை எடைபோட வேண்டாம்.