காங்கிரீட் தரை ரூமுக்கு புது ப்ளக் பாயிண்ட்: தரைய வெட்டறதா, சுவத்துல காடி எடுக்கறதா, கேசிங் ஓட்டறதா?

பழைய வீடுகள்ல ரூமுக்கு ஒரு ஸ்விட்ச் போர்டு, அதுல ஒத்த ப்ளக், அவ்ளோ தான். நமக்கு டேபிள் போட இடம் கிடைக்கறதோ எதிர் சுவத்து பக்கம். கீழ காங்கிரீட்டு, அதுக்கு மேல டைல்ஸ், அதனால அடியில வயர் இழுக்கற பேச்சே இல்ல. எங்க வீட்ல தரைய வெட்டறது, சுவத்துல காடி (நீள பள்ளம்) எடுத்து பைப்ப உள்ள பதிச்சு கன்சீல்டா போடறது, சுவத்து மேலயே பிவிசி கேசிங் கேப்பிங் (வயர் போற பட்டை, அதுக்கு மேல ஒரு மூடி) ஓட்டறதுன்னு எல்லாத்தையும் யோசிச்சு கடைசில கேசிங் தான் போட்டோம், அதனால நான் அந்த பக்கம் சாஞ்சு தான் பேசுவேன். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ கணக்குல சேக்கல, வீடு துடைக்கும்போதெல்லாம் அத தூக்கி கட்டில் மேல வெக்கறவங்களுக்கு காரணம் தெரியும்.

தரை விஷயத்த சீக்கிரம் முடிச்சிடலாம். வெட்டுன டைல்ஸுக்கு அதே கலர்ல மாத்து கிடைக்காது. மாடி வீடுன்னா அந்த தரை தான் கீழ் வீட்டுக்காரரோட கூரை, உள்ள கம்பி ஓடுது, அதுல கை வெக்கவே கூடாது. கீழ் வீடுன்னா பண்ணலாம், ஆனா நாம தரைய தண்ணி ஊத்தி கழுவற ஆளுங்க. சென்னைல 2015 டிசம்பர்லயும் 2023 மிக்ஜாம் புயல்லயும் கீழ் வீட்டுக்குள்ள தண்ணி வந்தத பார்த்தவங்க தரையில ப்ளக் வெக்க சம்மதிக்கவே மாட்டாங்க. மூடி போட்ட ஃப்ளோர் பாக்ஸ் ஆபீஸ்ல பார்த்திருக்கேன், நல்லா தான் இருக்கு, வீட்ல வெச்சு புழங்குன அனுபவம் எனக்கு இல்ல.

கன்சீல்டு பார்க்க அழகு, அதுல ரெண்டாவது பேச்சு இல்ல. ஆனா குடியிருக்கற வீட்ல கட்டர் மெஷின் ஓட்டுனா வர்ற தூசி பீரோவுக்குள்ள இருக்கற புடவை வரைக்கும் போகும். எலக்ட்ரீஷியன் வெட்டிட்டு பைப்பும் மெட்டல் பாக்ஸும் வெச்சிட்டு போவார், அப்பறம் கலவை பூச கொத்தனார், அது காய்ஞ்சதும் பட்டி பார்த்து பெயிண்ட் அடிக்க இன்னொருத்தர், அப்பவும் அந்த கோடு மட்டும் தனியா தெரியும்னு முழு சுவத்தையும் அடிக்க வேண்டி வரும். நாலரை இஞ்ச் சுவரா இருந்தா படுக்க வசத்துல நீளமா காடி எடுக்க விடாதீங்க, சுவர் பலமிழந்துடும். சுவரே காங்கிரீட்டுல வார்த்த புது அடுக்குமாடிகள்ல வெட்டறதுக்கே அனுமதி கிடைக்காது.

எனக்கு முடிவ சொன்னது இதெல்லாம் இல்ல, நாளைக்கு மறுபடி திறக்கணும்னா என்ன ஆகும்ங்கற ஒரு கேள்வி தான். கேசிங்ல ஸ்க்ரூ டிரைவர் முனைய ஓரத்துல குடுத்து லேசா நெம்புனா மேல் மூடி டக்குனு வந்துடும், உள்ள எந்த வயர் எங்க போகுதுன்னு கண்ணால பார்க்கலாம். இன்னொரு ப்ளக் வேணுமா, அந்த எடத்துல ஒரு பாக்ஸ் அடிச்சு வயர் நீட்டுனா முடிஞ்சது. கன்சீல்டுல பைப் வளைவுல எங்கயாவது சிமெண்ட் இறங்கி அடைச்சிருந்தா வயர் இழுக்கற ஸ்பிரிங் விட்டாலும் வயர் நகராது, அப்பறம் திரும்ப சுத்தியல் தான். வெளிச்சுவர்ல மழை ஈரம் ஊறி பைப்புக்குள்ள இறங்குனாலும் வெளிய தெரியாது. பின்னாடி படம் மாட்ட ஆணி அடிக்கறவருக்கும் வயர் எங்க ஓடுதுன்னு தெரியாது. வீட்ல சாமான் கூடிக்கிட்டே போற காலத்துல இந்த திறந்து மூடற வசதி பெரிய விஷயம்.

குறையும் இருக்கு. வெள்ளை பிவிசி நாள்பட மஞ்சளடிக்கும், மேல் விளிம்புல தூசி ஒரு கோடா உக்காரும். பெயிண்டர் கேசிங்க சேத்து அடிச்சிட்டார்னா மூடி ஒட்டிக்கும், திறந்தா பெயிண்டோட உரிஞ்சு வரும், அதனால அடிக்கறதுக்கு முன்னாடியே டேப் ஒட்ட சொல்லிடுங்க. மூலைல எல்போ (திருப்பத்துக்குன்னு வர்ற வளைவு துண்டு) போடாம ஆக்சா பிளேடுல சாய்ச்சு அறுத்து ஒட்டவெச்சா இடைவெளி பல்லிளிக்கும், எல்போ வாங்கி குடுத்து போட சொல்லுங்க. பாத்ரூம் பக்கத்து ஈர சுவத்துல கேசிங் வேண்டாம். இன்டர்நெட் கேபிள அதே கேசிங்குள்ள திணிக்காதீங்க, அதுக்கு தனியா ஓட்டணும்.

எந்த வழியா இருந்தாலும் பழைய போர்டுல லைட்டுக்கு வந்த வயர்ல இருந்து கிளை எடுத்து 16 ஆம்ப் ப்ளக் வெக்க விடாதீங்க, அயர்ன் பாக்ஸ் போட்டா அந்த மெல்லிசு வயர் சூடாகும். மெயின் போர்டுல இருந்து 2.5 ஸ்கொயர் எம்எம் வயர் தனியா, எர்த்தோட, அதுக்குன்னு 16 ஆம்ப் எம்சிபி (லோடு அதிகமானா தானா விழுற ஸ்விட்ச்) வெச்சு கொண்டு வாங்க. 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா உடனே கட் பண்ற ஸ்விட்ச்) இல்லாத வீடுன்னா இந்த வேலையோடயே அதையும் போட்டுடுங்க.

புதுசா கட்றவங்க, இல்ல எப்படியும் பூச்சு கொத்தி பெயிண்ட் அடிக்க போறவங்க கன்சீல்டே போடலாம், அங்க கேசிங்குக்கு வேலை இல்ல. கூட ஒரு காலி பைப்பும் பதிச்சு வெச்சிட சொல்லுங்க, செலவு ஒண்ணும் பெருசா ஆகாது.