ராஸ் மீன்களுக்காகக் கட்டிய ரீஃப் தொட்டி: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

ரீஃப் தொட்டி, அதாவது உயிருள்ள பவளமும் மீனும் சேர்ந்து வாழும் கடல்நீர்த் தொட்டி, தொடங்கும் பலர் முதலில் பவளங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அதற்குப் பொருந்தும் மீன்களை அப்புறம் தேடுவார்கள். நான் வரிசையை மாற்றிக்கொண்டேன். ராஸ் (wrasse) என்ற வண்ணக் கடல் மீன்களுக்கு என்ன வேண்டுமோ அதையொட்டித் தொட்டியை அமைத்து, அந்தச் சூழலில் நன்றாக வளரும் பவளங்களை மட்டும் சேர்த்தேன். இத்தனை வருடம் ஓட்டிய பிறகும் அதுதான் சரியான வரிசை என்று உறுதியாகச் சொல்வேன்.

சிங்கப்பூரில், வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக் கூடத்தில் சுவரை ஒட்டி நிற்கும் நாலடித் தொட்டி இது. கீழே இருக்கும் சம்ப்போடு (வடிகட்டும் கருவிகள் உள்ள துணைத் தொட்டி) சேர்த்துச் சுமார் 450 லிட்டர். சொலோரென்சிஸ் ஃபேரி ராஸ் ஆணும் பெண்களும், கார்ப்பென்டர் ஃப்ளாஷர் ராஸ் ஒரு சிறு கூட்டம், ஒரு மெலனூரஸ், ஒரு மஞ்சள் கேனரி ராஸ். பவளங்களில் டோர்ச், ஹேமர், சோவாந்திட், லெதர். பாறை உச்சியில் மோன்டிபோராவும் கொஞ்சம் அக்ரோபோராவும்.

மூடி இல்லாத தொட்டிக்கு ராஸ் வாங்கவே வேண்டாம். பயந்தாலும் குதிக்கும், இன்னொரு மீன் துரத்தினாலும் குதிக்கும். உடல் ஒல்லியாக இருப்பதால் ஒயர் போகும் இடைவெளியே அதற்குப் போதும். கண்ணாடி மூடி சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நம் காலநிலைக்கு அலுமினியச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய, 6 மில்லிமீட்டர் கண்ணுள்ள தெளிவான வலைதான் நல்லது. தண்ணீர் சம்ப்புக்கு வழிந்து இறங்கும் ஓவர்ஃப்ளோ பெட்டியின் மேல்பக்கத்தையும் சேர்த்து மூடுங்கள்.

அடுத்தது மணல். ஃபேரி, ஃப்ளாஷர் ராஸ்கள் பாறை இடுக்கில் சளிப்படலம் ஒன்றைச் சுற்றிக்கொண்டு தூங்கும். மெலனூரஸ், கேனரி போன்ற ஹாலிகோரஸ் வகையும் லெப்பர்ட் ராஸும் மணலுக்குள் புதைந்து தூங்கும். ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு நைசான அரகோனைட் (சுண்ணாம்பு வகை) மணல் வேண்டும். பருமனான சொரசொரப்பு மணலில் தோல் உரிந்து, புண் வழியாக நோய் வரும். என் மெலனூரஸ் விளக்கு அணைவதற்கு வெகு முன்பே, தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில், ஒரே மூலையில் உள்ளே போய்விடும். புதிதாக வந்த மீன் பிடிபட்ட இடத்தின் நேரத்தையே கொஞ்ச நாள் பின்பற்றும். மாலத்தீவிலிருந்து வந்தது என்றால் மூன்று மணி நேர வித்தியாசம் இருக்கும். பகலில் காணோமே என்று மணலைத் தோண்டிப் பார்க்காதீர்கள். சில சமயம் நாள் கணக்கில்கூட வெளியே வராது, அதுவாக வரட்டும்.

அக்ரோபோராவை மட்டுமே குறிவைத்து, மணலே இல்லாமல் தொட்டி வைப்பவர்கள் உண்டு. நீரோட்டத்தை எவ்வளவு வேண்டுமானாலும் கூட்டலாம், கழிவும் தேங்காது. அந்த அமைப்பு ஹாலிகோரஸுக்கு ஆகவே ஆகாது. நான் வேவ்மேக்கர்களை (நீரோட்டம் உண்டாக்கும் பம்புகள்) மேல்பாதியில் வைத்து எதிரெதிர் திசையில் ஓட்டுகிறேன். மணல் கலையாது. ஃபேரி ராஸ்கள் அந்த ஓட்டத்தை எதிர்த்து நீந்துவதை நாள் முழுக்கப் பார்க்கலாம்.

ராஸையும் பவளத்தையும் ஒன்றாக வைப்பதில் முக்கியமான விஷயம் உணவுதான். ஃபேரி, ஃப்ளாஷர் ராஸ்கள் கடலில் மிதக்கும் மிகச் சிறிய விலங்குகளைப் பகலெல்லாம் கொத்தித் தின்பவை. ஒரு நாளைக்கு ஒரு வேளை போட்டால் வயிறு ஒட்டி, முதுகு மெலிந்துவிடும். நான் ஆட்டோ ஃபீடரில் சின்னப் பெல்லட்டைப் பல வேளைகளாகப் பிரித்துப் போடுகிறேன். மாலையில் உறைந்த மைசிஸ் (இறால் போன்ற சிறு உயிரி). இவ்வளவு போட்டால் தண்ணீரில் கழிவிலிருந்து வரும் நைட்ரேட், பாஸ்பேட் ஏறாதா என்றால், ஏறும்தான். அதைப் பார்த்துப் பயந்து உணவைக் குறைப்பதுதான் பல தொட்டிகளில் நடக்கிறது. நான் வடிகட்டும் பக்கத்தைப் பலப்படுத்தினேன்: தொட்டி அளவுக்கு மேல் ஒரு சைஸ் பெரிய ஸ்கிம்மர் (நுரையோடு கழிவை நீக்கும் கருவி), சம்ப்பில் இரவில் விளக்கெரியும் கழிவை உறிஞ்சும் கீட்டோ பாசி, வாராவாரம் தண்ணீர் மாற்றம். நைட்ரேட் 10 பி.பி.எம். பக்கம், பாஸ்பேட் 0.05 முதல் 0.1 வரை நிற்கிறது. இந்த அளவில் டோர்ச்சும் ஹேமரும் நன்றாக விரிகின்றன, மோன்டிபோராவும் ஓரங்களில் புதிதாக வளர்கிறது. இரண்டையும் பூஜ்ஜியத்துக்கு இறக்கிய தொட்டிகளில் பவளம் வெளிறுவதையும், டைனோஃபிளாஜெல்லேட் என்ற பழுப்புச் சளி பாறையை மூடுவதையும் நண்பர்கள் வீட்டில் பார்த்திருக்கிறேன். மீனுக்குத் தாராளமாகப் போடும் சாப்பாடு பவளத்துக்கும் நல்லதாக அமைவது இந்தக் கூட்டணியின் பெரிய பலம்.

மற்ற அளவுகளில் நான் பார்ப்பது நிலைத்தன்மையை மட்டும்தான். உப்புத்தன்மை 35 பி.பி.டி., காரத்தன்மை 8.5 டி.கே.எச்., கால்சியம் 420 பி.பி.எம்., மெக்னீசியம் 1,300 பி.பி.எம். பக்கம். பவளம் வளர வளரக் காரத்தன்மை வேகமாகக் குறையும். அதனால் டோசிங், அதாவது குறைவதை ஈடுகட்ட ஊற்றும் கரைசலின், அளவை அவ்வப்போது உயர்த்த வேண்டியிருக்கும். இங்கே குழாய் நீரில் குளோரமின் இருப்பதால் தண்ணீரைச் சுத்தமாக்கும் ஆர்.ஓ.டி.ஐ. வடிகட்டி கட்டாயம்.

நிறத்துக்கு வருகிறேன். ராஸ் வாங்கத் தூண்டுவதே நிறம்தான். இவை பெண்ணாக வளர்ந்து, பிறகு ஆணாக மாறக்கூடியவை. ஆண்தான் பளிச்சென்று இருக்கிறது என்று அதை மட்டும் தனியாக வாங்கிவந்தால், காட்டிக்கொள்ள எதிரே பெண்ணோ போட்டி ஆணோ இல்லாமல் நாளடைவில் நிறம் மங்கும். பெண்களை முதலில் விட்டு, அப்புறம் ஆணை விடுங்கள். ஃப்ளாஷர் ஆண் மாலை வேளையில் முதுகுத் துடுப்பின் இழைகளை விரித்து, உடல் முழுக்க நிறத்தை மின்னவிட்டு, பெண்களைக் கடந்து பாயும். ஒவ்வொரு பாய்ச்சலும் கண நேரம்தான். அதற்காகவே வேலை முடிந்து நேரத்தோடு வீட்டுக்கு வருகிறேன். சொலோரென்சிஸ் ஆணின் உடலில் ஆழ்சிவப்பு ஒளிர்வு உண்டு. அதை அந்த மீன்களே பார்த்து எதிர்வினை காட்டுகின்றன என்று 2014இல் ஜெர்மனி ஆய்வாளர்கள் காட்டினார்கள். 

மெலனூரஸ் அழகுக்கு மட்டுமல்லாமல் உழைப்பாளியாகவும் இருக்கிறது. தட்டைப்புழுக்களையும், சிப்பியை உறிஞ்சும் சிறு நத்தைகளையும் பாறை பாறையாகத் தேடித் தின்னும். ஆனால் அதை நம்பி, புதுப் பவளத்தைப் பூச்சி நீக்கும் கரைசலில் முக்கி எடுக்காமல் (டிப்) உள்ளே விடக்கூடாது. பூச்சியின் முட்டைகளை அது தீர்ப்பதில்லை. சின்ன அலங்கார இறால்களையும் அதன் வாய்க்கு எதிரே விடாதீர்கள். சிக்ஸ்லைன் ராஸும் பூச்சி தின்னும், விலையும் குறைவு. ஆனால் தொட்டியைத் தன் சொந்தமாக்கிக்கொண்டு, பிறகு வரும் எந்த ராஸையும் விடாமல் துரத்தும். எனக்கு அது வேண்டாம். கிளீனர் ராஸையும் வாங்க மாட்டேன். மற்ற மீன்களின் ஒட்டுண்ணியை நம்பி வாழ்வது வீட்டுத் தொட்டியில் பட்டினி கிடந்து சாவதே அதிகம்.

வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் தாமிர மருந்தைப் பவளத் தொட்டியில் ஊற்ற முடியாது. பவளமும் நத்தையும் செத்துவிடும். அதனால் புதிதாக வாங்கும் எல்லா மீனும் முதலில் தனித் தொட்டிக்கு. அங்கே ஹாலிகோரஸுக்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் டப்பா நிறைய மணல் வையுங்கள். சோவாந்திட் ஒட்டிய பாறையைக் கையாளும்போது கையுறை போடுங்கள். அந்தப் பாறையை வெந்நீரில் போடவோ கொதிக்கவைக்கவோ கூடாது. அதில் இருக்கக்கூடிய பாலிடாக்சின் என்ற நச்சு ஆவியோடு கலந்து மனிதரை ஆஸ்பத்திரியில் கிடத்தக்கூடியது.

செலவில் முதலிடம் சில்லருக்கு (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி). மின்விசிறி மட்டும் வைத்துப் பார்த்தால், இங்குள்ள ஈரக் காற்றில் பெரிதாகக் குளிர்வதில்லை. விளக்கும் பம்பும் சேர்ந்து 30 டிகிரியைத் தாண்டவைத்துவிடும். வெப்பம் ஏறினால் பவளம் என்னாகும் என்று 1998, 2010, 2016 வருடங்களில் சிங்கப்பூரின் சொந்தப் பாறைகளே வெளிறிக் காட்டின. 250க்கும் மேற்பட்ட கடினப் பவள இனங்கள் இருக்கும் கடல் இது. தொட்டியை 26 டிகிரியில் வைத்திருக்கிறேன். அதற்கான மின்கட்டணத்தைக் கணக்கிட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

ராஸ்களில் பெரும்பாலானவை இன்னும் கடலில் பிடிக்கப்படுபவையே. கடையில் மீன் சாப்பிடுவதைக் கண்ணால் பார்த்த பிறகே காசு கொடுங்கள். மூச்சு வேகமாக வாங்கினால் விட்டுவிடுங்கள். பவளத்தை வளர்ப்புத் துண்டுகளாக வாங்குங்கள். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று: இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2001 முதல் கடினப் பவளங்கள் பாதுகாக்கப்பட்டவை. அங்கே செயற்கைப் பாறை, நல்ல மணல், வலைமூடி போட்டு ராஸ் கூட்டம் மட்டும் வையுங்கள். இந்த மீன்களைப் பார்ப்பதில் ஒரு குறையும் இருக்காது.