பில்லில் புது ஃபில்டர், வண்டிக்குள் பழையது

என்னுடையது 2009இல் வாங்கிய டீசல் கார். பதினைந்து ஆண்டு முடிந்து எப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) புதுப்பிக்க வேண்டும், அதற்குமுன் முழு சர்வீஸ் செய்துவிடலாம் என்று தஞ்சாவூரில் பெரிய ஒர்க்‌ஷாப் ஒன்றில் விட்டேன். ஏ.சி. அறை, காபி, சட்டையில் பெயர்ப்பட்டை குத்திய சூப்பர்வைசர். மயங்கிவிட்டேன். பில்லில் டீசல் ஃபில்டர் 1,450, ஓ-ரிங் (மூடி இடுக்கை அடைக்கும் ரப்பர் வளையம்) 120, லேபர் 400 என்று போட்டிருந்தார்கள்.

மறுநாள் காலை ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. ஐந்தாவது முறை இருமிக்கொண்டே எழுந்தது. ஒரு வாரம் இதே கதை. திரும்பப் போய்ச் சொன்னால், பானட்டைக்கூடத் திறக்காமல், "நான்கு இன்ஜெக்டரும் போய்விட்டன சார், வயதான வண்டி" என்று, எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் அந்த இன்ஜெக்டர்களை மாற்ற 68,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் நீட்டினார்கள். வயதான வண்டி என்றதும் நமக்கே ஒரு குற்ற உணர்ச்சி வந்துவிடுகிறது; அது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

நல்லவேளையாக, திருச்சி போகும் வழியில் செங்கிப்பட்டி அருகே வண்டி நின்றேவிட்டது. புளியமரத்தடியில் பட்டறை வைத்திருந்த பெரியவர் ஒருவர் வந்தார். இன்ஜெக்டர் பக்கமே போகவில்லை. ஃபில்டருக்கும் பம்புக்கும் இடையில் ஒரு சாண் கண்ணாடி நிறப் பிளாஸ்டிக் குழாயைச் செருகிவிட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொன்னார். டீசலோடு கடுகு கடுகாகக் குமிழிகள் ஓடின.

"ஏர் எடுக்கிறது தம்பி. திறந்தவன் ஒழுங்காக மூடவில்லை."

என் வண்டியில் அது பம்ப் டீசலை உறிஞ்சும் பக்கம். ஃபில்டர் மூடி இறுகாவிட்டால் எஞ்சின் ஓடும்போது டீசல் சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். இரவில் குழாயில் இருக்கும் டீசல் டாங்குக்கே இறங்கிவிடும், காலையில் மல்லுக்கட்டு. தரையில் ஒரு சொட்டும் இல்லையே என்று நான் ஏமாந்தது இப்படித்தான்.

மூடியைக் கழற்றினார். உள்ளே ஃபில்டர் தாள் தார் பூசியதுபோல் கருத்திருந்தது. மேல்தட்டில் மார்க்கரால் 11-2-20 என்று எழுதியிருந்தது. என் பழைய மெக்கானிக் அண்ணனின் கையெழுத்து! மாற்றும் நாளை எழுதிவைப்பது அவர் வழக்கம். ஒர்க்‌ஷாப்காரர்கள் வெளிக்கூட்டை மட்டும் துடைத்துப் பளபளப்பாக்கியிருக்கிறார்கள். 120 ரூபாய் ஓ-ரிங்கோ தட்டையாகி, நகம் பட்டால் உதிரும்படி வெடித்திருந்தது. அடிக்கிண்ணத்தில் இரண்டு ஸ்பூன் தண்ணீர் வேறு. என்னுடையதுபோல் காமன் ரயில் (டீசலை மிக உயர்ந்த அழுத்தத்தில் ஒரே பொதுக் குழாய் வழியே இன்ஜெக்டர்களுக்கு அனுப்பும் முறை) வண்டியில் உயர் அழுத்தப் பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் டீசலேதான் மசகு. அந்தத் தண்ணீர் அங்கே போயிருந்தால் 68,000 எஸ்டிமேட் உண்மையாகவே ஆகியிருக்கும்.

பெரியவர் புது ஃபில்டர் வரவழைத்து, ஓ-ரிங்கில் டீசல் தடவி மாட்டி, கூலியாக 250 ரூபாய் வாங்கிக்கொண்டார். மறுநாள் காலை சாவியைத் திருப்பியதும் எழுந்துவிட்டது.

ஃபில்டர் மாற்றக் கொடுப்பவர்கள் பழையதைக் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். ஓ-ரிங் பெரும்பாலும் ஃபில்டர் பெட்டிக்குள்ளேயே வரும். தனியாகப் பில் போட்டால் ஏன் என்று கேளுங்கள். முடிந்தால் பக்கத்தில் நின்று, மாட்டும்முன் நீங்களே தேதி எழுதிவிடுங்கள்.

பழைய ஃபில்டரை சூப்பர்வைசரின் மேசைமேல் கொண்டுபோய் வைத்தேன். வேறு வண்டியுடையதாக இருக்கும் என்றார். சற்றுப் பொறுத்து, அடுத்த சர்வீஸுக்கு லேபர் இலவசம் என்றார். எழுந்து வந்துவிட்டேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகவும் இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. அதுவரை அந்த ஃபில்டர், பில்லோடு, மாடிப்படிக்கு அடியில் ஒரு டப்பாவில் நாறிக்கொண்டிருக்கிறது. தூக்கிப் போடச் சொல்லும் மனைவியிடம், சாட்சியை யாராவது தூக்கிப் போடுவார்களா என்று கேட்டு வைத்திருக்கிறேன்.